ஒரு நாளைக்குத்தானே என்று நடைபாதையில் பந்தல் போட்டவர்களின் பாராட்டு

கால்நடையாகவே ஊரளந்த கண்ணியமே! சிலாப்புக் கல் சரிந்தாலும் சினந்தெழும் சீற்றமே! நடப்போர்க்கெல்லாம் நல்வழி தந்த நாயகமே! எங்கள் பேரூராட்சியின் பணி மேற்பார்வையாளராக முப்பது ஆண்டுகள் முனைந்து உழைத்து, இன்று மாலையோடு ஓய்வுபெறும் பெருமதிப்பிற்குரிய சொர்ணவல்லி அம்மையார் அவர்களே, வணக்கம்!

காலையில் அச்சடித்துக் கண்ணாடிச் சட்டம் போட்ட மடல் இதுவன்று. அதில் தங்களைப் பொறுமையின் சிகரம் என்று எழுதியிருந்தோம். சற்றுமுன் நம் அலுவலக வாசலில் நடந்த கூத்துக்குப் பிறகு அதை வாசிக்க எவருக்கும் வாய் வரவில்லை. ஆகவே, சபையோரே, உள்ளதை உள்ளபடி சொல்கிறோம்.

பேருந்து நிலையத்திலிருந்து பெண்கள் பள்ளி வரை, சாக்கடைமேல் சிலாப் போட்டு அம்மையார் கட்டிய நடைபாதை, திறந்த மறுநாளே டீக்கடை பெஞ்சும் செல்போன் கடைப் பலகையும் காதுகுத்து பேனருமாக நிறைந்துபோனது. பள்ளிப் பிள்ளைகள் லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி நடந்தார்கள். "ரோடு வண்டிக்கு, நடைபாதை கடைக்கு. அப்ப சனங்க பறந்தா போவாக?" என்று அம்மையார் நடுத்தெருவில் நின்று கத்துவார். எல்லாரிடமும் ஒரே பதில்தான்: "ஒரு நாளைக்குத்தானம்மா!" அட, அந்த ஒரு நாள் என்றைக்காவது முடிந்திருக்கிறதா?

அப்படியொரு பேனருக்கு ஒதுங்கிச் சாலையில் இறங்கியபோதுதான், ஜெகதாப்பட்டினத்திலிருந்து மீன்கூடை கொண்டுவரும் இன்னாசியம்மாளை மினி லாரி தட்டிப் போட்டது. இடது கால் முறிந்தது. ஆஸ்பத்திரிக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்த அம்மையார், அதன்பிறகு எவருக்கும் முகதாட்சண்யம் காட்டவில்லை. முதலில் தூக்கியது சொந்தக் கொழுந்தனார் டீக்கடையின் பெஞ்சை. அடுத்து இடித்தது பெரிய ஜவுளிக்கடையின் பளிங்குப் படியை. பூக்காரிக்கு மட்டும் பக்கத்துச் சந்தில் இடம் பார்த்துக் கொடுத்த பிறகே கூடையை எடுக்கச் சொன்னார். "நம்மாளு கடைம்மா, கொஞ்சம் பாத்துக்கங்க" என்று சிபாரிசு வந்தால், "அதுல நடக்குறதும் நம்மாளு காலுதான்யா" என்பார்.

கூட வேலை பார்க்கும் எங்களையாவது விட்டாரா? அலுவலக வாசலில் பைக்கைச் சற்றே நடைபாதைமேல் ஏற்றி நிறுத்தினால் போதும், டயரில் காற்றைப் பிடுங்கிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பார். சத்தியமாகச் சொல்கிறோம், சில நாள் அவர் கண்ணில் படாமல் பின்வாசல் வழியாக வந்திருக்கிறோம்.

இத்தனையும் தெரிந்த நாங்கள் இன்று செய்த காரியத்தைக் கேளுங்கள்! விழாப் பந்தலை அதே நடைபாதைமேல் போட்டோம். குறுக்கே ஆளுயர பேனர். அதில் அம்மையார் கைகூப்பிச் சிரிக்கிறார். ஏற்பாடு எல்லாம் எழுத்தர் ஆனந்தராஜ். எங்களில் ஒருவருக்காவது உறைத்ததா? இல்லவே இல்லை.

அம்மையார் பட்டுச்சேலையில் நடந்து வந்துசேர்ந்த நேரம், மாலைச் சந்தைக்குப் போகும் இன்னாசியம்மாளும் தலையில் கூடையோடு, காலைச் சாய்த்துச் சாய்த்து வந்தார். பேனர் மறித்தது. சாலையில் இறங்கினார். ஆலங்குடி பஸ் உரசினாற்போல் போக, கூடை சரிந்து சங்கரா மீன் தார் ரோட்டில் சிதறியது. நல்லவேளை, ஆளுக்கு ஒன்றுமில்லை.

"ஏன்யா, அந்தம்மா ரிட்டயர் ஆகட்டும்னுதான் காத்துக்கிட்டு இருந்தீகளா?" என்று இன்னாசியம்மாள் போட்ட சத்தத்தில் தெருவே திரும்பிப் பார்த்தது.

அம்மையார் சிதறிய மீனையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்தார். தாம் போனபின் இந்தப் பாதை மிஞ்சுமா என்பதுதான் கொஞ்ச நாளாக அவருடைய ஒரே கவலை. அந்தப் பாதை அவர் கண்முன்னே, அவருடைய பேரிலேயே பறிபோய்க் கிடந்தது. ஆனந்தராஜ் நாக்குழறி, "ஒரு நாளைக்குத்தானேன்னு..." என்று இழுத்தார். மனிதருக்கு வேறு வார்த்தையே கிடைக்கவில்லையா!

அம்மையார் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, தம் முகம் போட்ட பேனரைத் தம் கையாலேயே அறுத்துத் தள்ளினார். பிறகு குனிந்து மீன் பொறுக்கினார். "நான் போற அன்னிக்கே இப்புடின்னா, நாளைக்கு என்ன செய்வீக?" என்று எங்களைக் கேட்டார். வெட்கத்தோடு பந்தக்காலைப் பிடுங்கினோம். விழா அலுவலகத்தின் இந்தக் கொல்லைப்புறத்துக்கு வந்த கதை இதுதான். ஓய்வுபெறுபவரைக் காரில் வீடுவரை கொண்டுபோய் விடுவது நம் வழக்கம். மாலை சுற்றிய அந்தக் காரையும் திருப்பி அனுப்பிவிட்டார். "நடந்தே போவோம். எல்லாரும் வாங்க" என்று உத்தரவு.

அம்மையீர்! வாழ்த்தும் தகுதியை இன்று இழந்தவர்கள் நாங்கள், ஆயினும் வாழ்த்துகிறோம். முழங்கால் நோகாது, மூச்சு வாங்காது, முதுமை முடக்காது, தாங்கள் நெடுங்காலம் நடமாட வேண்டும். நாளைக் காலை இன்னாசியம்மாளையும் கூட்டிக்கொண்டு பேருந்து நிலையத்திலிருந்து பள்ளி வரை நடந்து பாருங்கள். ஓரிடத்திலேனும் உங்கள் இருவர் கால் தார் ரோட்டில் இறங்க நேர்ந்தால், காலை மடலை எடுத்துவிட்டு அதே கண்ணாடிச் சட்டத்தில் நாங்கள் போட்டுத் தரும் இம்மடலைச் சட்டத்தோடு கொண்டுவந்து எங்கள் மேசைமேல் போட்டு உடையுங்கள்.

இங்ஙனம்,
பைக்குகளை இங்கேயே விட்டுவிட்டுத் தங்கள் பின்னால் நடக்கக் காத்திருக்கும்
பேரூராட்சி அலுவலகப் பணியாளர்கள்
(முதல் கையொப்பம்: ஆனந்தராஜ்)