கிழக்கு கேலரி முதுகு காட்டிய பத்து நிமிடங்கள்

நாற்காலி கொடுத்தாலும் ஆட்ட நேரத்தில் அதில் அமர்ந்தறியாத நம் ரசிகர் மன்றத் தலைவர், மருந்துக்கடைக்காரர் அவர்களே! வெயிலென்றும் மழையென்றும் பாராமல் இந்த அணிக்காகக் கத்திக் கத்திக் குரலைத் தொலைத்த மூத்தவர்களே! இடுப்பில் பிள்ளையும் கையில் கொடியுமாக வந்து என் பக்கத்தில் நின்ற தாய்மார்களே! ஒரு கோப்பையைக்கூடக் கண்ணால் காணாமலே இந்த அணியைக் காதலிக்கும் கிறுக்குப் பிடித்த தம்பிகளே, தங்கைகளே! உங்கள் எல்லோருக்கும் இந்தக் கிழவியின் வணக்கம்.

இந்தக் கூட்டத்தின் மூன்றாவது தீர்மானத்தை முன்மொழியத்தான் என்னை மேடைக்கு அழைத்திருக்கிறார்கள். தீர்மானம் என்ன? வருகிற சனிக்கிழமை நம் அணியின் தலைமைப் பயிற்சியாளருக்கு இங்கே கடைசி ஆட்டம். நிர்வாகம் அவரை அனுப்ப முடிவு செய்துவிட்டது. ஆட்டம் முடிந்ததும் அவர் மைதானத்தைச் சுற்றி நடந்து விடைபெறுவார். நம் கிழக்கு கேலரிக்கு முன்னால் அவர் வரும்போது நாம் அத்தனை பேரும் திரும்பி நின்று அவருக்கு முதுகு காட்ட வேண்டும். இதுதான் தீர்மானம்.

தட்டுங்கள், நன்றாகத் தட்டுங்கள். தட்டி முடித்த பிறகு கையை மடியில் வைத்துக்கொண்டு, நான் சொல்வதையும் கொஞ்சம் கேளுங்கள்.

முதலில் உங்கள் கட்சியையே பேசுகிறேன். மூன்று ஆண்டுகளாக அது என் கட்சியும்தானே! அவர் ஆட வைத்தது ஒரு ஆட்டமா? நாம் ஒரு கோல் போட்டுவிட்டால் போதும், பத்துப் பேரும் பின்னால்! பக்கத்தில் ஒரு பாஸ், பின்னால் ஒரு பாஸ், பதறாமல் மறுபடியும் பின்னால் ஒரு பாஸ்! கோல்கீப்பர் குனிந்து ஷூ கயிற்றைக் கட்டுவார். கட்டியதை அவிழ்த்து மறுபடியும் கட்டுவார். ஆட்டத்தையே பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொள்கிறவருக்குப் பூட்டுக்காரர் என்று நாம் பெயர் வைத்தது சும்மாவா?

பஸ் ஓட்டும் நம் தம்பி ஒருநாள் என் காதருகே வந்து கேட்டான். "பாட்டிம்மா, நாள் முழுக்க வண்டி ஓட்டறேன், நான்கூட இத்தனை ரிவர்ஸ் எடுத்ததில்ல. இந்த மனுஷன் எங்க படிச்சாரு?"

"உனக்கென்னடா, நீ உக்காந்து வேலை பாக்கறவன்" என்றேன். "நான் ரொட்டி ஃபேக்டரில முப்பது வருஷம் நின்னு பொட்டலம் கட்டினவ. அங்க ஒருநாள் தூங்கினதில்ல. நின்னுக்கிட்டே தூங்க இவருதான் சொல்லிக்குடுத்தாரு."

அதோ, ஐந்தாவது வரிசையில் உட்கார்ந்து சிரிக்கிறான் பாருங்கள். சிரிடா, சிரி. கொஞ்ச நேரத்துக்குச் சிரிக்கலாம்.

முதுகு காட்டும் வழக்கத்தை இந்த கேலரியில் தொடங்கி வைத்தது யார்? நான். எண்பதாவது நிமிடத்தில் கையைத் தூக்கி மூன்று எண்ணுவது யார்? நான். கடைசி விசில் ஊதும்வரை யாரும் மைதானத்தைத் திரும்பிப் பார்க்கக் கூடாது, பார்த்தவர்களுக்கு மறு ஆட்டத்தில் முன்வரிசை கிடையாது என்று சட்டம் போட்டது யார்? அதுவும் நான்தான். பெருமையாகத்தான் இருந்தது. எண்ணூறு பேர் என் ஒரு கை அசைவுக்குத் திரும்பினால் எந்தக் கிழவிக்குத்தான் பெருமை வராது?

அந்தப் பெருமைக்குள் ஒரு கோபமும் இருந்தது. என் மகள் வயிற்றுப் பேரன் இந்த அணியில் ஆட்டக்காரன். உங்களில் பலருக்குத் தெரியும். இருபது வயது. இந்தப் பருவத்தில் முப்பத்தொரு ஆட்டம் பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். முப்பத்தொன்றில் ஒரு நிமிடம்கூட அவனை இறக்கவில்லை பூட்டுக்காரர். ஊருக்காகத் திரும்புவதாக உங்களிடம் சொன்னேன். உள்ளுக்குள் என் பேரனுக்காகத் திரும்பினேன்.

துறைமுக அணியோடு நடந்த ஆட்டம் நினைவிருக்கிறதா? முப்பத்திரண்டாவது ஆட்டம். நாம் ஒன்று, அவர்கள் பூஜ்யம். வழக்கம்போல் எல்லோரும் பின்னால். எண்பதாவது நிமிடம் கையைத் தூக்கினேன். திரும்பினோம். பெயிண்ட் உரிந்த அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு பாடினோம். இடி விழுந்தால்கூடக் கேட்காது, அப்படி ஒரு பாட்டு! அந்தப் பாட்டுக்கு நடுவில் ஒலிபெருக்கியில் ஏதோ ஒரு பெயர். பஸ்காரத் தம்பி என் தோளைத் தட்டினான்.

"பாட்டிம்மா, யாரோ உள்ள வர்றாங்க போல."

"யாரு வந்தா நமக்கென்ன? பாட்டை விடாத, பாடுடா!"

பாடினான். நானும் பாடினேன்.

விசில் ஊதியதும் திரும்பினேன். ஆட்டக்காரர்கள் கைகுலுக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் என் பேரன். இரண்டு முழங்காலிலும் மண். பெஞ்சில் உட்கார்ந்திருந்தவனுக்கு முழங்காலில் எப்படி மண் ஒட்டும்? யோசித்துக்கொண்டு நிற்கும்போதே, எதிர் கேலரியிலிருந்து வந்த கூரியர்காரப் பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கினாள். "வாழ்த்துகள்மா! நாலே நிமிஷம்னாலும் உங்க பேரன் என்னமா ஓடினான்!"

அன்று வீட்டில் அவன் வாசல் தாண்டி வரும்போதே கேட்டான். "பாட்டி, பாத்தியா?"

"பாக்காம? கண்ணு கொட்டாம பாத்தேன்டா என் ராசா!"

"எப்படி இருந்துச்சு?"

"புலி மாதிரி பாஞ்ச."

அவன் சிரித்தான். அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தான். பயிற்சியில் ஒரு கோலைத் தவறவிட்டதற்கே ஒரு வாரம் புலம்புகிறவன், முதல் ஆட்டத்தைப் பற்றி ஏன் மூச்சு விடவில்லை? அப்போது நான் யோசிக்கவில்லை. தப்பித்தோம் என்று நினைத்தேன்.

நான்கு நாள் கழித்துப் பயிற்சியில் அவன் முழங்கால் போயிற்று. பக்கத்தில் யாரும் இல்லை, யாரும் மோதவில்லை. தனியாகத் திரும்பினான், விழுந்தான். இரண்டு முறை அறுவை சிகிச்சை செய்தார்கள். நடப்பான், மாடி ஏறுவான், ஆனால் இனிமேல் ஆட முடியாது என்றார் டாக்டர். அம்மாமார்களே, ஆறு வயதிலிருந்து அவன் ஓடிய ஓட்டம் எல்லாம் சேர்ந்து எவ்வளவு? நான்கு நிமிடம். அவன் வாழ்க்கைக்கே அந்த நான்கு நிமிடம்தான். அந்த நான்கு நிமிடமும் நான் சுவரைப் பார்த்து நின்றேன்.

என்ன தம்பி? வீடியோவா? இருக்கிறது. என் மகள் செல்போனில் போட்டுக் காட்டினாள். கேமரா மேற்குப் பக்கம் இருக்கிறது. அவன் நகத்தளவுக்குத் தெரிகிறான். ஓடுகிறான், வழுக்கி விழுகிறான், எழுகிறான். அவனுக்குப் பின்னால் எண்ணூறு முதுகுகள். என் பச்சைத் துண்டை வைத்து என் முதுகைக் கண்டுபிடித்துவிட்டேன். அதற்குமேல் அந்தப் படத்தை நான் பார்க்கவில்லை.

ஆஸ்பத்திரிக்கு வந்தவர்கள் யார் யார்? நிர்வாகத்தில் இருந்து பூங்கொத்து வந்தது. பூட்டுக்காரர் நேரில் வந்தார். ஒன்பது நாள் வந்தார். கட்டில் ஓரமாக ஒரு ஸ்டூலைப் போட்டுக்கொண்டு பேசாமல் உட்கார்ந்திருப்பார். பேச்சிலும் மனுஷர் தடுப்பாட்டம்தான்! மூன்றாம் நாள் எனக்குப் பொறுக்கவில்லை. நடையில் மறித்துக் கேட்டேன்.

"சார், முப்பத்தொரு ஆட்டம் புள்ளைய உக்கார வச்சீங்களே, முன்னாடியே இறக்கியிருந்தா இன்னும் நாலு ஆட்டமாவது ஆடியிருப்பான்ல?"

தலை குனிந்து நின்றார். பிறகு சொன்னார். "ஆடியிருப்பான்மா. நான் ஆடின காலத்துல, நாலு கோல் வாங்கித் தோத்துக்கிட்டிருக்கும்போதுதான் என்னை முதல்ல இறக்கினாங்க. பதினெட்டு வயசு. தோல்வி மொத்தமும் என் தலையில விழுந்துச்சு. சொந்த ஊர் ஆளுங்களே விசிலடிச்சாங்க. அதுக்கப்புறம் பந்து கால்ல பட்டாலே உதறும். அதனால கையில ஒரு கோல் இருந்து, அது பத்திரமா இருக்குன்னு தெரிஞ்சாத்தான் புதுப் பசங்கள இறக்குவேன். உங்க பேரன் விஷயத்துல ரொம்ப நாள் காத்துட்டேன். அது என் தப்பு."

என் தப்பு என்றார், தாய்மார்களே! தலைமைப் பயிற்சியாளர், ஒரு கிழவியிடம், ஆஸ்பத்திரி நடையில் நின்று, என் தப்பு என்றார். நானோ என் தப்பை என் பேரனிடம்கூடச் சொல்லாமல் ஒளித்து வைத்திருந்தேன்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். அவர் ஆட்டம் எனக்கு இன்றைக்கும் பிடிக்காது. நாளைக்கு வருகிறவர் பத்துப் பேரையும் முன்னால் ஓட விட்டால் முதல் கைதட்டு என்னுடையதுதான். ஆட்டத்தைத் திட்டுவது ரசிகனின் உரிமை. ஆனால் பூட்டிப் பூட்டி அவர் எதைக் காத்தார் என்று நம்மில் யாராவது ஒருநாள் கேட்டோமா? இந்த மூன்று ஆண்டில் ஏழு புதுப் பிள்ளைகள் இறங்கினார்கள். ஏழு பேரும் எண்பதாவது நிமிடத்துக்குப் பிறகுதான் இறங்கினார்கள். நேற்று உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். நம் வழக்கம் தொடங்கும் முன்பே இறங்கிய இரண்டு பேர் போக, மீதி ஐந்து பேர் முதல்முறை புல்லில் கால் வைத்தபோது, நாம் அவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டிருந்தோம். ஏழு வீட்டுப் பிள்ளைகளில் ஐந்து வீட்டுப் பிள்ளைகள்! அந்த வீட்டுக்காரர்கள் சிலர் இங்கேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். தலையைக் குனியாதீர்கள். கையைத் தூக்கி மூன்று எண்ணியது நான், நீங்கள் திரும்பினீர்கள், அவ்வளவுதான்.

இன்று காலை, இந்தக் கூட்டத்துக்குக் கிளம்பும் முன், பேரனிடம் உண்மையைச் சொன்னேன். அவன் சமையலறையில் ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு, பாத்திரம் துடைத்துக்கொண்டிருந்தான்.

"அன்னைக்கு உன் ஆட்டத்த நான் பாக்கலடா. பொய் சொல்லிட்டேன்."

துடைப்பதை அவன் நிறுத்தவில்லை. "தெரியும் பாட்டி."

"எப்படிடா தெரியும்?"

"கோச் என்னை இறக்கறப்போ, நீ கிழக்குப் பக்கம் போய் ஆடுன்னாரு. என் இடம் அது இல்லையேன்னு கேட்டேன். 'உங்க பாட்டி அங்கதானே நிப்பாங்க, அவங்களுக்குக் கிட்டத்துல ஆடு'ன்னாரு. அதனால நான் உன் பக்கத்துலயேதான் ஓடிக்கிட்டிருந்தேன் பாட்டி. ரெண்டு தடவை கூப்பிட்டேன்கூட. நீ பாடிக்கிட்டு இருந்த."

மன்னியுங்கள். கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள்.

தலைவர் அவர்களே, இந்தத் தீர்மானத்தை நான் முன்மொழியப் போவதில்லை. வேறு யாராவது முன்மொழிந்தால் அது உங்கள் உரிமை, நிறைவேறினால் அதுவும் உங்கள் உரிமை. ஆனால் சனிக்கிழமை அந்த மனிதர் நம் முன்னால் நடந்து வரும்போது ஒரு முகமாவது அவரைப் பார்க்கும். என் பேரனும் வருகிறேன் என்றிருக்கிறான். அடிபட்ட பிறகு முதல்முறையாக மைதானத்துக்கு வருகிறான். படியேற நேரமாகும், அதனால் சீக்கிரம் போகலாம் என்றான். இரண்டு பேரும் வேலியோரம் நிற்போம். உங்களில் யாருக்காவது மனம் வந்தால் பக்கத்தில் வந்து நில்லுங்கள், இடம் இருக்கும்.

பொறுமையாகக் கேட்ட பெரியோர்களுக்கும், என்னோடு சேர்ந்து கண்ணைத் துடைத்த தாய்மார்களுக்கும், சிரிப்பை எப்போதோ நிறுத்திவிட்ட பஸ்காரத் தம்பிக்கும் நன்றி சொல்லி விடைபெறுகிறேன். வணக்கம்.