மூத்தாளின் கல்யாணக் காகிதம்

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளே. மனசில் வைத்துக்கொள்ள ஒரு கதை தருகிறேன். டோங்காவில், எங்கள் வவாவு பக்கத்துச் சின்னத் தீவில், மலகாய் என்பவன் உயில் எழுதாமலே நெஞ்சுவலியில் போய்விட்டான். வருடம் திரும்ப ஒரு நாள்தான் பாக்கி. அன்றைக்கு அவன் அக்கா லாத்தாயும், அவனுடைய இரண்டாம் மனைவி சேய்னியும் பேசிக்கொண்டது இது.

— உட்காருங்கன்னு சொன்னேன்ல மதினி. நான் முடைஞ்ச பாய்தான், கடிக்காது.

— உட்கார நேரமில்லடி சேய்னி. நாளையோட ஒரு வருஷக் கெடு முடியுது, நில ஆபீஸ் மூடுறதுக்குள்ள வாரிசு பேரைப் பதியணும். இல்லன்னா தம்பி நிலம் பூரா கையை விட்டுப் போயிரும். மூத்தா பிசிலாவோட கல்யாணக் காகிதத்தைக் குடு, போயிட்டே இருக்கேன்.

— வந்து இன்னும் வாய் நனைக்கல. அதுக்குள்ள மூத்தா பேரு.

— செத்தவ மேல உனக்கு என்னடி காய்ச்சல்?

— யாரு செத்தவ? இந்த வீட்டுல இருக்கிறதே அவதான். நான் வந்து போற ஆளு. சுவத்துல சிப்பி மாலை போட்டு அவ படம். கோயில்ல அவ உட்கார்ந்த பெஞ்சு. வேலியோரம் நிக்கிற வனிலாக் கொடிகூட அவ வெச்சதாம். நான் தண்ணி மட்டும் ஊத்தலாம்.

— நான் ஒண்ணும் சொல்லலப்பா. காகிதம் பெட்டியில இருக்கு, பெட்டி உன்கிட்ட இருக்கு.

— சரிதான். காகிதம் காணாமப் போச்சுன்னா?

— தெரியாத மாதிரி கேக்குற. முறையாப் பொறந்த மூத்த மகனுக்குத்தான் நிலம். பிசிலா பெத்த ஃபொலாவ் அப்படிப் பொறந்தவன் இல்லன்னு ஆயிரும். நிலம் உன் மடியில தூங்குற மோசெசேக்குப் போகும். தாயில்லாத அந்த அஞ்சு வயசுக்காரன் நடுத்தெருவுல நிப்பான்.

— ஒரு தீக்குச்சி போதும்கிறீங்க.

— சேய்னி.

— நீங்கதான மதினி சொல்லிட்டுத் திரியிறீங்க, எரிச்சிருவா எரிச்சிருவான்னு. பாய் முடையப் போனா அங்க இதே பேச்சு.

— சொல்லாம என்ன? துக்கத்துக்கு வந்த அன்னிக்கே பாத்தேன், அந்தப் படத்தை நீ முறைச்ச முறைப்பை.

— முறைச்சேன். உங்க தம்பி என்னை எத்தனை தடவை பிசிலான்னு கூப்பிட்டாரு தெரியுமா? நானும் ‘ம்’னுட்டுப் போனேன். இவனைப் பெத்துப் போட்ட அன்னிக்குக்கூட அந்தப் பேருதான்.

— அவன் வாய் தவறினதுக்குப் பச்சைப்பிள்ளை என்னடி பண்ணும்?

— பிள்ளை ஒண்ணும் பண்ணல. நீங்க பண்றீங்க. வாரத்துக்கு மூணு தடவை வர்றீங்க. சேம்பு இலையில தேங்காப்பால் ஊத்திச் சுட்டுக் கொண்டாந்து ஃபொலாவுக்கு ஊட்டுறீங்க. ‘அத்தை இருக்கேன்டா’ன்னு கொஞ்சுறீங்க. இவனும் உங்க தம்பி பிள்ளைதான? ஒரு தடவை தூக்கியிருக்கீங்களா?

— அவனுக்கு நீ இருக்க. மூத்தவனுக்கு யாரு இருக்கா? நீ அவனை என்ன பண்ணுவியோன்னு நான் வந்து வந்து பாக்க வேண்டியிருக்கு.

— அதான பாத்தேன். காவலுக்கு வர்றீங்க.

— ஆமா, காவலுக்குத்தான். எத்தனை நாளாக் கேக்குறேன். ஒரு நாள் ‘தேடணும்’கிற. ஒரு நாள் ‘கரையான் அரிச்சிருச்சோ என்னவோ’ங்கிற. இதுக்கு மேல என்னால முடியாது. இந்தா, உன் கால்ல விழுறேன். தம்பி பொண்டாட்டி கால்ல விழுந்த அக்காளை இந்த ஊர்ல எவளும் பாத்திருக்க மாட்டா. நான் விழுறேன்டி.

— எந்திரிங்க மதினி. அய்யோ, எந்திரிங்கன்னா. காகிதம் இங்க இல்ல.

— எரிச்சுட்டியா.

— ஆபீஸ்ல இருக்கு. அவரை அடக்கம் பண்ணின பத்தாம் நாளே படகேறிப் போய்க் குடுத்துட்டேன். வாரிசு ஃபொலாவ்னு பதிஞ்சாச்சு. ஆபீஸ்காரன் தாய் பேரு கேட்டான். பிசிலான்னு என் கையாலதான் எழுதினேன், வயிறு எரிய எரிய.

— அடிப்பாவி. பின்ன ஏன்டி ஒரு வருஷமா என்னை இப்படி அலைய விட்ட?

— சொல்லியிருந்தா, மதினி, அதுக்கப்புறம் நீங்க எதுக்கு இந்த வாசப்படி ஏறப்போறீங்க?

அவ்வளவுதான், கண்ணுகளே. உங்கள் அடுப்பில் நெருப்பு குறையாமல் இருக்கட்டும். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே தட்டில் கைவைத்து வயிறார உண்ணட்டும்.