சிவப்பு மங்கினால் சொல்லுங்கள்

அக்குபங்சர் ஊசி குத்தினால் வலிக்குமா என்றுதான் முதல்முறை வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். நீங்களும் கேட்டீர்கள், அதுவும் விசாரணை நடக்கும் அறையில். அதிலேயே உங்கள்மீது எனக்கு ஒரு நல்ல எண்ணம் வந்துவிட்டது. வலிக்காது, ஐயா. எறும்பு கடித்த மாதிரி இருக்கும், பிறகு அந்த இடம் கொஞ்சம் கனக்கும், அவ்வளவுதான். யிபின் நகர ஆற்றங்கரைச் சந்தில் பாதிப் பேரின் முதுகும் முழங்காலும் எனக்குத் தெரியும். ஒருவரும் வலித்தது என்று சொன்னதில்லை.

மியாவ் சூச்சின் முதல்முறை வைத்தியத்துக்கு வந்தபோது அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "வைத்தியரே, மீன்கடைத் தொட்டியில இருக்கிற மீன் மாதிரி முழிக்கிறேன்னு பஸ்ல ஒரு பொடியன் சொன்னான். கண்ணை உள்ள தள்ள முடியுமா, இல்ல மீனாவே இருந்துடட்டுமா?" என்றாள்.

தைராய்டு கெட்டால் சிலருக்கு அப்படி ஆகும். கண்ணுக்குப் பின்னால் இருக்கும் தசை வீங்கி விழியை வெளியே தள்ளும். இமை முழுதாக மூடாது, எரியும், ஒரு பொருள் இரண்டாகத் தெரியும். அவள் பஸ்ஸில் டிக்கெட் கிழித்து ஓய்வு பெற்றவள். ஆட்களை எண்ணியே பழகியவளுக்கு ஒரு ஆள் இரண்டாகத் தெரிவது பெரிய அவமானமாக இருந்தது.

"உள்ளே தள்ள என்னால முடியாது. எரிச்சலையும் வலியையும் குறைக்கலாம். ஆனா ஆஸ்பத்திரி மாத்திரையை நிறுத்தக்கூடாது" என்றேன்.

"நிறுத்துன்னு சொல்ற வைத்தியர்களைத்தான் இதுவரைக்கும் பார்த்தேன். நீங்க ஏதோ நல்ல ஆளு போல" என்று சொல்லிக்கொண்டே படுத்தாள்.

இதைத் தயவுசெய்து அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். நான் போலி வைத்தியன் அல்ல. ஊசி ஒரு துணை, மருந்துக்கு மாற்று அல்ல என்பதை முதல் நாளே சொன்னவன். புருவ ஓரத்தில், பிடரியில், கைக் கட்டைவிரலுக்குப் பக்கத்தில், பாதத்தில் குத்தினேன். விழிக்குழிக்குள் ஒருபோதும் குத்தியதில்லை. சில வாரங்களில் அவளுக்குத் தூக்கம் வந்தது, கண்ணில் மணல் அரைப்பது குறைந்தது. என் ஊசிகளின்மேல் எந்தக் குற்றமும் இல்லை.

ஊசிகள் நிற்கும் நேரத்தில் மற்றவர்கள் தூங்கிவிடுவார்கள். சூச்சின் பேசுவாள். கண்ணை மூடிக்கொண்டு, முகத்தில் ஊசிகளோடு, உதட்டை மட்டும் அசைத்து எல்லாவற்றையும் பேசுவாள். டிக்கெட் எடுக்காமல் ஏறிய சாமியார், பன்றிக்குட்டியைக் கோட்டுக்குள் ஒளித்துக்கொண்டு வந்த கிழவர், பத்து வருடம் முன்பு செத்துப்போன புருஷன் விட்ட குறட்டை. என் மனைவி ஒரு பல்வைத்தியரோடு குவாங்ஜோ போய்ச் சேர்ந்ததிலிருந்து என் வீட்டில் கெண்டியைத் தவிர எதுவும் சத்தம் போட்டதில்லை. சூச்சின் பாவம், ரொம்பத் தனியாக இருந்தாள். பேச ஓர் ஆள் இல்லாமல் தவித்தாள். அது எனக்கு நன்றாகப் புரிந்தது. அதனால் ஊசிகளைக் கொஞ்சம் தாமதமாகவே எடுக்கத் தொடங்கினேன். அதில் தீங்கில்லை.

அவளை மாஜோங் கட்டை ஆடும் கூடத்துக்குப் போவதை நிறுத்தச் சொன்னேன். இந்தக் கண் நோய்க்குச் சிகரெட் புகை விஷம். மற்றவர் விடும் புகையும் ஆகாது. எந்த டாக்டரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்வார். அவளுடைய தோழிகள் எல்லோரும் அந்தக் கூடத்தில்தான் இருந்தார்கள் என்பதும் உண்மைதான்.

அதற்குப் பிறகு ஊசி இல்லாத நாட்களிலும் வந்தாள். என் சமையலைப் பார்த்துவிட்டு, "இதை நாய்க்கு வெச்சா, நாய் உங்களைப் பரிதாபமா பார்க்கும்" என்பாள். பிறகு அவளே மிளகாய் எண்ணெய் காய்ச்சி நூடுல்ஸ் பிசைவாள். நான் சந்தோஷமாக இருந்தேன். அதை மறைக்க என்ன இருக்கிறது.

அவளுடைய மகள் யிங் தூரத்து ஷென்ஜென் நகரில் வேலை பார்க்கிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். இலையுதிர் காலத்தில் ஒருநாள், பிடரியில் ஊசி இருக்கும்போதே சூச்சின் சொன்னாள்.

"யிங்குக்கு வசந்தத்துல பிரசவம். கண்ணு சரியாயிட்டா அங்கேயே போயிடுவேன், வைத்தியரே. அவ மாமியாருக்குப் பிரசவம் பார்க்கத் தெரியாது, குறை சொல்லத்தான் தெரியும். ஆனா இப்படி முழிச்சுக்கிட்டு முன்னால நின்னா பொறக்கிறது பயந்துடும். சீக்கிரம் சரி பண்ணுங்க."

"திரும்பி வரமாட்டீங்களா?"

"எதுக்குத் திரும்பி வரணும்? இங்க எனக்கு யாரு இருக்கா?"

நல்ல செய்தி என்றேன். அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஷென்ஜென் மாதிரி ஊரில், மகளின் சின்ன வீட்டில், யாரோடும் பேச முடியாமல் அவள் என்ன பாடுபடுவாள் என்ற கவலை.

அந்த மாதமே செங்து பெரிய மருத்துவமனைக்கு அவளை ரயிலில் நானே கூட்டிப்போனேன். ஒரு கண்ணில் பார்வை கொஞ்சம் குறைந்திருந்தது. போகச் சொன்னதே நான்தான், அதையும் குறித்துக்கொள்ளுங்கள். அவளை ஸ்கேன் படம் எடுக்க உள்ளே அனுப்பிவிட்டு, நர்ஸ் வெளியே வந்து, "மியாவ் சூச்சின் வீட்டுக்காரர் வாங்க" என்றாள். நான் எழுந்து போனேன்.

டாக்டர் தௌ கதவைச் சாத்தினார். நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததா? கெட்ட சேதியை நோயாளியிடம் சொல்லமாட்டார்கள், வீட்டாரிடம் சொல்வார்கள். வீட்டார் பார்த்துப் பக்குவமாகச் சொல்லிக்கொள்ள வேண்டியது.

"அவங்க பயந்த சுபாவம்னு தெரியுது. அதான் உங்ககிட்ட சொல்றேன்" என்றார் டாக்டர். "வீக்கம் கண் நரம்புக்குப் பக்கத்துல வந்திருக்கு. இன்னும் அழுத்தலை. ஊசி மருந்து ஏத்தணும், படுக்கை காலியானதும் கூப்பிடறோம். அதுக்கு முன்னால ஒண்ணு மட்டும் கவனிங்க. சிவப்பு நிறம் மங்கலா, பழுப்பா தெரியுதுன்னு சொன்னாங்கன்னா நரம்பை அழுத்த ஆரம்பிச்சாச்சுன்னு அர்த்தம். அன்னைக்கே கூட்டிட்டு வந்துடுங்க. எலும்பைக் கொஞ்சம் வெட்டி இடம் பண்ணிப் பார்வையைக் காப்பாத்திடலாம். நாளைக்குப் பார்க்கலாம்னு இருந்துட்டா திரும்பாது."

சரி என்றேன். தொலைபேசி எண் கேட்டார், என்னுடையதைக் கொடுத்தேன். நான் வீட்டுக்காரன் இல்லை என்று சொல்வதற்கு அந்தப் பேச்சில் இடமே வரவில்லை.

ரயிலில் அவள் முட்டை உரித்துக்கொண்டே, "டாக்டர் என்ன சொன்னாங்க?" என்று கேட்டாள்.

"பரவாயில்லைன்னு சொன்னாங்க. ஊசியை விடாம போட்டுக்கச் சொன்னாங்க."

"அப்ப உங்களுக்கு யோகம்தான்" என்று சிரித்து, பெரிய முட்டையை எனக்குக் கொடுத்தாள். பிறகு என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டாள். எதிரே இருந்த பெண்மணி தன் புருஷனிடம் எங்களைக் காட்டி ஏதோ சொல்லிப் புன்னகைத்தாள்.

புத்தாண்டுக்கு வழக்கம்போலக் கதவின் இருபுறமும் சிவப்புத் தாள் ஒட்டினேன். நல்ல தாள், கையில் சாயம் ஒட்டும் அளவுக்குச் சிவப்பு. சூச்சின் வந்தாள், வாசலில் நின்று கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள், கதவையே பார்த்தாள்.

"என்ன வைத்தியரே, இந்த வருஷம் பழுப்புத் தாள் ஒட்டியிருக்கீங்க?"

எனக்கு உடனே புரிந்துவிட்டது. புரியவில்லை என்று உங்களிடம் சொல்லலாம். சொல்ல மனம் வரவில்லை. செங்து ரயில் நண்பகலில் இருந்தது. பை எடுத்துக்கொண்டு நடந்தாலே பிடித்திருக்கலாம்.

துக்கம் நடந்த வீட்டில் சிவப்பு ஒட்டமாட்டோம். அது சட்டென்று கைகொடுத்தது. "என் மனைவி தவறிட்டா" என்றேன்.

அவள் கையிலிருந்த பாத்திரத்தைக் கீழே வைத்தாள். "ஐயோ, எப்ப? இத்தனை நாளா ஒரு வார்த்தை சொல்லலையே, அழுத்தமான மனுஷன். நானும் வந்து வந்து கேலி பேசிட்டுப் போயிருக்கேன்." அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. தனியாக விடமாட்டேன் என்று அன்று பொழுது சாயும்வரை இருந்தாள். புகைபோட்ட பன்றித் தொத்திறைச்சி வெட்டினாள், எள் உருண்டை வேகவைத்தாள், என் கிண்ணத்தில் தானே எடுத்துப் போட்டாள். என் மனைவி குவாங்ஜோவில் நலமாக இருக்கிறாள். அவளுக்கு இதனால் ஒரு குறையும் வரவில்லை.

அது என் வாழ்க்கையிலேயே நல்ல புத்தாண்டு. ஒருநாள்தான் தள்ளிப்போட்டேன் என்று நினைத்துக்கொண்டேன். அடுத்த நாளும் அப்படியே நினைத்தேன்.

வெளிச்சம் ஆகாது, வீட்டுக்குள்ளும் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது என்று சொன்னேன். கழற்றினால் மற்ற வீடுகளின் வாசலையும் பார்ப்பாள், அங்கும் தாள் பழுப்பாகவே இருக்கிறதே என்று யோசிப்பாள். கறுப்புக் கண்ணாடிக்கு வெளிச்சம் போதாது என்று சொல்லி அவள் வீட்டுக்குப் போய் எல்லா விளக்கையும் மாற்றிப் பெரிய பல்பு போட்டேன், மங்கல் தெரியாமல் இருக்கட்டும் என்று. பார்வை குறைகிற மாதிரி இருக்கிறதே என்றபோது, கண் கல்லீரலோடு சேர்ந்தது, கல்லீரல் சூடு தணியும்போது அப்படித்தான் இருக்கும், பிறகு தெளியும் என்றேன். நம்பினாள். முதல் நாளே உண்மையைச் சொன்ன வைத்தியனை யார்தான் நம்பமாட்டார்கள்.

மருத்துவமனையிலிருந்து என் எண்ணுக்கு அழைப்பு வந்தது. படுக்கை காலியாக இருக்கிறது, உடனே வரச் சொன்னார்கள். இப்போது நன்றாக இருக்கிறாள், இன்னும் கஷ்டப்படுகிற யாருக்காவது கொடுங்கள் என்றேன். அந்தப் பெண் நன்றி சொன்னாள்.

யிங்கும் அழைத்தாள். "அம்மா குரலே சரியில்ல, வைத்தியர் மாமா. நான் வந்து பார்த்துட்டுப் போகட்டா?"

"நிறைமாசத்துல அவ்வளவு தூரமா? அம்மாவுக்கு என்ன குறை, நான் பக்கத்துலயே இருக்கேன்" என்றேன். அவளும் நன்றி சொன்னாள்.

புத்தாண்டின் பதினைந்தாம் நாள் வரும் விளக்குத் திருநாளுக்குப் பிறகு சூச்சினால் தனியாக வர முடியவில்லை. நான் போய்க் கூட்டிவருவேன். என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, படி வந்தால் நின்று, நான் சொன்னதும் காலெடுத்து வைப்பாள். "உங்க கை இல்லேன்னா நான் ஆத்துலதான் விழணும்" என்பாள். சந்தில் எல்லோரும் எங்களைப் பார்த்து வழிவிட்டார்கள்.

வீடியோ அழைப்பில் அம்மா தன்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சிரிக்கிறாள் என்று கண்டுபிடித்தது யிங்தான். வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து நேராகச் செங்துவுக்கு அழைத்துப்போனாள். நானும் போனேன், பையைத் தூக்க ஆள் வேண்டுமே. டாக்டர் தௌ கண்ணுக்குள் விளக்கடித்துப் பார்த்தார். மறு கண்ணையும் பார்த்தார். பிறகு யிங்கிடம், "ஏம்மா இவ்வளவு நாள் விட்டீங்க? உங்க அப்பாகிட்ட அவ்வளவு தெளிவா சொன்னேனே" என்றார்.

"எங்க அப்பாவா?" என்றாள் யிங். "அவரு செத்துப் பத்து வருஷமாச்சு, டாக்டர்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சூச்சின் மட்டும் என் குரல் எந்தப் பக்கத்திலிருந்து வரும் என்று தலையை மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தாள்.

நீங்கள் கேட்டதற்குப் பதில் இதுதான். அறியாமல் நடந்தது அல்ல. சிவப்பு மங்கினால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும், எத்தனை நாள் தாங்கும் என்று தெரியும், தாங்காது என்றும் தெரியும். கண் தெளிந்திருந்தால் அவள் போயிருப்பாள். முன்பின் தெரியாத ஊரில் தனியாகக் கிடந்திருப்பாள். அந்த நிலைக்கு அவளை விட எனக்கு மனம் ஒப்பவில்லை. இரண்டு கண்ணும் போனது. அதைச் செய்தவன் நான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ காட்டுங்கள்.

அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டதாகச் சொன்னீர்கள். அதற்கு அவள் ஒரு வார்த்தையும் பேசவில்லை என்றீர்கள். எனக்கு ஆச்சரியமில்லை. என்னைப் பற்றிக் குறை சொல்கிற பெண் அல்ல அவள்.

என்னைக் காவலில் வைப்பதை வீட்டில் யாருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று கேட்டீர்கள், படிவத்தில் அந்த இடத்தை நான் காலியாக விட்டிருந்தேன். மியாவ் சூச்சின் என்று எழுதிக்கொள்ளுங்கள், கொஞ்சம் சீக்கிரம் சொல்லிவிடுங்கள், நான் இன்னும் வரவில்லையே என்று வாசலில் வந்து நிற்பாள்.