சிவனாண்டி போட்ட வரிசை

வேணாம்ணே, அந்த ரிமோட்ட இப்படிக் குடுங்க. ஆஃப் பண்ணாதீங்க. அவரு மூஞ்சியப் பாக்கப் பிடிக்கலைன்னு தெரியுது. எனக்கு மட்டும் பிடிக்குதாக்கும். ஆனா இன்னைக்கு டி.வி. ஓடணும். பக்கத்து பெட்டு ஐயாவும் படத்துக்காக உக்காந்திருக்காரு பாருங்க, கால்ல கட்டோட. பாவம்ல.

படம் வந்துரும் ஐயா. ஞாயித்துக்கெழம பதினோரு மணிப் படம்னா முன்னாடி எங்க ஓனர் பேசித்தான் போடுவோம். அவருதான், சிவனாண்டி. பழங்காநத்தம் ஏரியா கேபிள் அவருதுதான. இந்த ஆஸ்பத்திரி டி.வி.க்கும் அவரு லைன்தான்.

நீங்க அசையாதீங்கண்ணே. தாடையில கம்பி போட்டுக் கட்டியிருக்கு, பேசணும்னு துடிக்கிறீங்க. பேசத்தான் நான் வந்திருக்கேன்ல. தலைய மட்டும் ஆட்டுங்க. மதினி கஞ்சி வாங்கப் போயிருக்காகளா? வரட்டும். அவுகளும் பாக்கணும்.

மொட்டமாடியில ஒயர் இழுக்கயில வழுக்கி விழுந்துட்டான் பாலகணேசு, இப்படித்தான் ஏரியா பூராம் சொல்லிக்கிட்டுத் திரியிறாரு. டாக்டர்ட்டயும் அதான். மதினி ஸ்டேசன்ல போயி அழுதப்ப, பாத்த சாட்சி யாரும்மான்னு கேட்டாகளாம். பாத்தது நான் ஒருத்தன். ஒம்பதாவதோட நின்ன பய, அவருட்டயே சோறு திங்கிற பய. நான் சொல்லி எவன் நம்புவான்? நாளைக்கு வேல போன கோவத்துல சொல்றான்னு ஒரே வார்த்தையில முடிச்சிருவாரு.

அந்தா, நாலு விரலக் காட்டுறாரு. ஆரம்பிச்சிட்டாரு வரிசைய.

என்ன வரிசையா? சொல்றேன் ஐயா. கருங்கோள்னு ஒரு வெள்ளக்காரன் படம், தமிழ்ல பேச விட்டது. மொத்தம் அஞ்சு பாகம். வெல்காஸ்னு ஒரு கெழவன், சூரியனே இல்லாத கோள்ல உக்காந்துக்கிட்டு அம்புட்டு நட்சத்திரத்தையும் ஆட்டி வைக்கிறவன். பாகத்துக்கு ஒரு சிஷ்யன் வச்சிருப்பான். பழசு செத்தாத்தான் புதுசு. எங்க ஓனருக்கு அந்தக் கெழவன்னா உசுரு. எங்களையே குருநாதான்னுதான் கூப்பிடச் சொல்லுவாரு. சிரிக்காதீங்க, நெசமாத்தான். அந்தச் சிஷ்யப் பயலுகள்ல எவன் ஒசத்தின்னு வாரா வாரம் கேமரா முன்னாடி உக்காந்து பேசுவாரு. சனமும் போன் போட்டு ஓட்டு சொல்லும்.

நாலாவது இடம் இரும்புக் கொண்டை. முத பாகத்துல வந்தவன். தோத்துப் போனான்னு கடைசியில வச்சிருக்காரு. அட, எப்படித் தோத்தான்? சண்டை நடக்கையில கெழவன்தான வெளிய தாப்பாப் போட்டான்? அத மட்டும் சொல்ல மாட்டாரு.

மூணாவது நீலச்சி. ஒடம்பெல்லாம் நீலமா ஒரு பொம்பள. என்னையக் கேட்டா அவதான் முதல்ல நிக்கணும். ஒரு ஊரையே எரிக்கச் சொன்னப்ப, எதுக்குன்னு கேட்டா பாருங்க. அஞ்சு பாகத்துலயும், சரி, நான் நாலுதான் பாத்திருக்கேன், அந்த நாலுலயும் அவ ஒருத்திதான் எதுக்குன்னு கேட்டவ. கேட்டதுக்குத்தான் அவள காத்து இல்லாத ரூமுல போட்டுட்டான்.

நீங்களும் எதுக்குன்னுதான்ணே கேட்டீங்க. வேற என்ன கேட்டீங்க? போன வருசம் வரைக்கும் கடையில நீங்கதான் அவருக்கு நம்பர் ஒன்னு. பாலகணேசு மாதிரி வருமாடான்னு எங்க தலையில கொட்டுவாரு. தனியா நாலு தெருவுக்கு லைன் இழுத்தீங்க, கடையில உங்க பேரையே சொல்லக் கூடாதுன்னுட்டாரு. உங்க ஒயர ராவோட ராவா அறுத்துவிட்டாரு. எதுக்குண்ணே என் ஒயர அறுத்தீங்கன்னு நீங்க கண்ட்ரோல் ரூமுக்கே வந்து கேட்டீங்க. கை கூட ஓங்கல. டிஷ்ஷு திருப்புற இரும்புக் கம்பி சொவத்துல சாஞ்சு நின்னுச்சு. எடுத்துட்டாரு.

ஆமா ஐயா. விழுகல. அடிச்சது.

பொறுங்க, ரெண்டாவது சொல்றாரு. கண்ணாடிக் கையன். கெழவன் சொன்னான்னு கூடப் பொறந்தவனையே கொன்னவன். அவன் ரெண்டாவதாம். நல்லா இருக்குல்ல?

முத எடம் யாருன்னு நான் சொல்றேன் பாருங்க. ஊமையன். குருநாதர் ரகசியம் வாய்தவறிக்கூட வந்துறக் கூடாதுன்னு தன் நாக்கத் தானே அறுத்துத் தட்டுல வச்சுக் குடுத்த பய. என் வரிசையில அவன் இல்லவே இல்லண்ணே. அவன்லாம் வில்லனா? நாய்க்குட்டி. இல்ல, நாய்கூட கொரைக்கும்.

உங்கள ஆட்டோவுல தூக்கிப் போட்டு அனுப்பிட்டு, தரையில கெடந்த ரத்தத்த என்னையத்தான் கழுவ விட்டாரு. கழுவுனேன். கழுவி முடிச்சதும் தோள்ல தட்டி, இனி நீதான்டா என் ஊமையன்னாரு. சந்தோசமாச் சொன்னாருண்ணே. புரோட்டா வாங்கிக் குடுத்தாரு. அந்தப் புரோட்டாவத் திங்கயில முடிவு பண்ணுனேன், இந்தாளு ரோட்டுல நடக்கயில சின்னப்பிள்ளையெல்லாம் கை நீட்டிப் பேசணும்னு.

என்ன ஐயா? டி.வி. மூலையில தேதி தப்பா ஓடுதா? தப்பு இல்ல. அது போன மாசத்துத் தேதி. கேமராவுல அதுவா விழுகும்.

இப்ப முழிக்கிறீங்கல்ல அண்ணே. அவரு போட்டிருக்க சட்டை ஞாபகம் வருதா? இது நீங்க வந்த அன்னைக்குக் கண்ட்ரோல் ரூமுல பேசுனதுதான். அஞ்சாம் பாகம் போடுறதுக்கு முன்னாடி, அதுவரைக்கும் வந்த நாலு சிஷ்யன் வரிசையையும் பேசிக்கிட்டு இருந்தாரு, நான் கேமராவுக்குப் பின்னாடி நின்னேன்.

இந்நேரம் அவருக்குத் தெரிஞ்சிருக்கும். பதினோரு மணிக்குக் கேசட்ட டெக்குல போட்டு ஓட விடுறது என் வேல. போட்டுட்டு, ரூமப் பூட்டிட்டு வந்துட்டேன். அவரு எதுத்த டீக்கடையில உக்காந்து, சனம் தன்னையப் பாக்குறத வேடிக்கை பாப்பாரு. இப்ப மேல கண்ட்ரோல் ரூமுக்கு ஓடியிருப்பாரு. ஓடட்டும். இரும்புக் கதவு, அவரு போட்டதுதான், ஒயர் திருடு போகுதுன்னு. கரண்டு மெயினும் உள்ளதான் இருக்கு. சாவி இந்தா, என் பையில.

எனக்கு என்ன ஆகுமா? நாலு சாத்து சாத்துவாரு. அதுக்கு மொதல்ல என்னையப் பிடிக்கணும்ல. டி. கல்லுப்பட்டியில சித்தி வீடு இருக்கு. இல்லாட்டி எங்கயும் போகாம இங்கயே உக்காந்திருக்கேன். எனக்கும் பாக்கணும்ல.

அந்தா, ஒத்த விரலத் தூக்குறாரு. ஊமையன்னு வாயெடுக்குறாரு, பாதியில நிறுத்துறாரு பாருங்க. வாசப்பக்கம் திரும்புறாரு. நீலக் கட்டம் போட்ட சட்டை உள்ள வருதா? நீங்கதாண்ணே. ஐயா, சத்தத்தக் கூட்டுறேன், எதுக்குன்னு இவரு எப்படிக் கேக்குறாருன்னு கேளுங்க. சாட்சி யாருன்னு கேட்டாகல்ல, இப்ப பழங்காநத்தம் பூராம் சாட்சி.

கைய விடுங்கண்ணே, வலிக்குது. சரி, பிடிச்சுக்கங்க.

கேமராவ யாரும் நிறுத்தல. மறுநா காலையிலதான் அவருக்கே ஞாபகம் வந்துச்சு. ஒரு மிதி மிதிச்சிருந்தா முடிஞ்சிருக்கும். ஆனா கேபிள்காரன் எவன் கேசட்ட ஒடைப்பான்? நல்ல கேசட்டுடா, வீணாக்காத, இது மேலயே அஞ்சாம் பாகத்தப் பதிஞ்சிருன்னு என் கையில குடுத்தாரு.

நான் பதியல.