எத்திராஜுக்கு நான் சூட்டிய அடைமொழி

விடுதலையின் வெள்ளி விழாவுக்குத் தலைமை தாங்கும் பெரியவர் மாணிக்கவேல் அவர்களே! இரும்புலியூரின் சான்றோர்களே! இடுப்பில் பிள்ளையும் நெஞ்சில் நாடுமாக நிற்கும் தாய்மார்களே! வேலை முடிந்து ரயிலடியிலிருந்து நேரே இங்கு வந்திருக்கும் தோழர்களே! பள்ளி வாத்தியார் எட்மண்டின் பணிவான வணக்கம்.

"பிரெஞ்சுப் புரட்சியப் பத்திச் சொல்லுங்க சார்!" என்கிறார் பின்னால் ஒரு அண்ணா. சொல்கிறேன். பாரிஸில் சிறைக்கோட்டை இடிந்தது. ரஷ்யாவில் மன்னனின் முடி சரிந்தது. இடிந்த கோட்டையைச் சரித்திரம் சொல்லும். அன்று இடிந்த குடும்பங்களை யார் சொன்னார்? சரிந்த முடியைச் சொல்லும். வாசலைப் பார்த்தே வாடிய பெண்களை யார் சொன்னார்? இருபது வருஷம் மேடை மேடையாய் முழங்கினேனே, நான் சொன்னேனா?

கை தட்டாதீர்கள் ஐயா. வேண்டாம்.

முன்வரிசையில் இருக்கும் அங்காளம்மா, தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்பவர். கணவர் எத்திராஜ் பிழைக்க ரங்கூன் போனவர், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்ந்தார். நாற்பத்து நாலில் ஒரு கடிதம் வந்தது. பிறகு ஒன்றுமில்லை. அங்காளம்மாவின் கடலோரக் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. கடலுக்குப் போனவன் உடல் கரை சேராமல், கண்டவன் வந்து சொல்லாமல், மனைவியின் தாலியை இறக்கமாட்டார்கள். அந்த ஒரு வழக்கத்தைப் பிடித்துக்கொண்டு இருபத்தெட்டு வருஷம் பொட்டோடு காத்திருந்தார்.

இந்த விழாவில் அவருக்குப் பொன்னாடை. நோட்டீஸ் எழுதியவன் நான். வெறும் எத்திராஜ் என்று எழுத எனக்குக் கை வருமா? அடுக்குமொழி ஆசாமியாயிற்றே! 'அஞ்சா நெஞ்சர், அடலேறு, அமரர் எத்திராஜ்' என்று எழுதி, என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

மார்க்கெட்டில் யாரோ அதை உரக்கப் படித்தார்கள். "படிச்ச வாத்தியாரு விசாரிக்காமலா அமரர்னு எழுதுவாரு?" என்றார்கள் உறவினர்கள். அன்றைக்கே தாலி இறங்கியது.

மறுநாள் வெறும் நெற்றியோடு என் வாசலில் வந்து நின்றார். திட்டவில்லை. "சார், எங்க வூட்டுக்காரு போன சேதிய உனுக்கு ஆரு சொன்னது? கூட இருந்தவரா? அவரு வூடு எங்க கீது? கடைசில இன்னா சொன்னாருன்னு கேட்டுகினு வந்துடறேன்" என்றார்.

ஐயோ, என்ன சொல்வேன்! யாரும் சொல்லவில்லையம்மா, ஓசைக்காக எழுதினேன் என்றேன்.

"ஓசைக்கா?" என்றார். கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

தலைவர் அவர்களே, பொன்னாடை போர்த்த என்னை அழைக்காதீர்கள். வெள்ளைக்காரன் குண்டு எத்திராஜைக் கொன்றதோ இல்லையோ, யாருக்கும் தெரியாது. என் பேனா கொன்றுவிட்டது. இறங்கிய தாலியை எந்த மன்னிப்பும் ஏற்றாது. ஆனாலும் கேட்கிறேன், மன்னித்துவிடுங்கள் அம்மா.

ஒரே ஒரு வணக்கம் மிச்சம் இருக்கிறது. எங்கே இருந்தாலும் சரி, எத்திராஜ் அவர்களே! அடைமொழி இல்லாமல் அழைக்கிறேன். இரும்புலியூருக்கு வாருங்கள். இதே மேடையில் ஏறி, எட்மண்ட் எழுதியது பொய் என்று சொல்லுங்கள். பொறுமையாய்க் கேட்ட எல்லோருக்கும் நன்றி. வருகிறேன்.