பதில் வர்ற வரைக்கும்

அண்ணி: நீ இன்னிக்கு இந்த ஆபீஸ் கம்ப்யூட்டர்ல ஓட விட்ட புது லூப், திரும்பத் திரும்பக் கூப்பிட வேண்டியது, ஒரு தரம்கூட கூப்பிடலையே தம்பி?

தம்பி: எந்தப் படகை?

அண்ணி: எந்தப் படகையா… உங்க அண்ணன் படகைத்தான். கடல்ல இருக்கிற மத்த படகையெல்லாம் ரேடியோவுல ஒழுங்கா கூப்பிட்டுச்சே.

தம்பி: ஓ… அதுவா. பழைய கம்ப்யூட்டர் மொழியில நீங்க என்ன எழுதியிருந்தீங்க? 'கூப்பிடு… பதில் வர்ற வரைக்கும்.'

அண்ணி: ஆமா.

தம்பி: புது மொழியில அப்படி எழுத வழியில்லை. 'பதில் வராத வரைக்கும் கூப்பிடு'ன்னு திருப்பிப் போட்டேன்.

அண்ணி: ரெண்டும் ஒண்ணுதானே?

தம்பி: அங்கதான் இடிக்குது. பழசு முதல்ல கூப்பிடும், அப்புறம்தான் பதில் வந்துச்சான்னு பார்க்கும். புதுசு பார்த்துட்டுத்தான் கூப்பிடும்.

அண்ணி: சரி, பார்த்துச்சு. பதில் இல்லைன்னா கூப்பிட்டிருக்கணுமே?

தம்பி: பதில் வந்ததா பதிவாகியிருக்கு அண்ணி.

அண்ணி: மூழ்கின படகுலேருந்தா?

தம்பி: இந்த ஆபீஸ் மிஷினை நம்ப முடியாது. துறைமுகம் கட்டின காலத்துது…

அண்ணி: மிஷின் மேல பழி போடாதே. என் முகத்தைப் பார்த்துச் சொல்லு.

தம்பி: … நான்தான். அண்ணன் படகு பேர்லயே பதிவான இன்னொரு ரேடியோ வீட்டுல இருந்துச்சுல்ல? காலைல அதுல பதில் பொத்தானை அழுத்தினேன்.

அண்ணி: ஏன்டா?

தம்பி: பின்ன? கரை ஒதுங்கின அண்ணனை நாமதானே மண்ணுல வெச்சோம்? அப்புறமும் இது கூப்பிட்டுக்கிட்டே இருக்கு, நீங்களும் ஸ்பீக்கர்ல காதை வெச்சுக்கிட்டு… பார்க்க முடியலை அண்ணி. பதில் வந்தா லூப் நிக்கும், நீங்களும் எந்திரிச்சு வருவீங்கன்னு…

அண்ணி: பைத்தியக்காரா.

தம்பி: கோவமா?

அண்ணி: இல்லடா. நீ அழுத்தினது கேட்டுச்சு. வெறும் 'டிக்'குனு ஒரு சத்தம்.

தம்பி: தெரிஞ்சுக்கிட்டேதான் இவ்வளவு நேரம் குடைஞ்சீங்களா?

அண்ணி: அதுக்கு முன்னாடி வந்த பதிலும் உன் வேலையான்னு தெரியணும்ல?

தம்பி: முன்னாடியா?

அண்ணி: நேத்து சாயங்காலமே பழைய லூப் நின்னுடுச்சு தம்பி.

தம்பி: நேத்தா? நான் அந்த ரேடியோவைத் தொட்டதே இன்னிக்குத்தானே… அண்ணி, விளையாடாதீங்க. அப்போ யாரு?

அண்ணி: உங்க அண்ணன் குரலும் வந்துச்சு. 'கூப்பிட்டது போதும், வீட்டு வாசல்லதான் நிக்கிறேன்'னார். அதான் நான் வீட்டுக்கே வரலை… நீ கிளம்பும்போது கதவைப் பூட்டிட்டுத்தானே வந்தே?