மகள் அருகில் இருக்கிறார்

இங்கே நகராட்சி மாதிரி இருக்கும் கவுன்சில் வெள்ளிக்கிழமைதோறும் அனுப்பும் செய்தி மடலை எங்கள் அலுவலகத்தில் கடைசி வரி வரைக்கும் படிக்கிற ஆள் நான் ஒருத்திதான், அக்கா. வீடு வீடாகப் போய் முடியாதவர்களைப் பார்த்துக்கொள்ளும் எல்லா நிறுவனங்களுக்கும் அது வரும். கையுறை எங்கே இலவசமாகக் கிடைக்கும், காய்ச்சல் ஊசி எப்போது போடுவார்கள், விழுங்கச் சிரமப்படுகிறவர்களுக்குத் தண்ணீரை எவ்வளவு கெட்டியாகக் கலக்க வேண்டும், இப்படி. என் மேலாளர் ஷெரில் அதைத் திறக்கவே மாட்டாள். "நீ படி வாத்து, தலை போற விஷயமா இருந்தா மட்டும் எங்கிட்ட சொல்லு" என்பாள். வாத்து என்பது திட்டு இல்லை. இங்கிலாந்தில், டெர்பிஷயரின் இந்த மலைப் பக்கத்தில் பிரியமாகக் கூப்பிடுவதே அப்படித்தான். வந்த புதிதில் பேருந்து ஓட்டுநர் என்னை அப்படிக் கூப்பிட்டபோது, நடையைக் கிண்டல் செய்கிறார் என்று நினைத்துக் கொஞ்ச நாள் நிமிர்ந்து நடந்து பார்த்தேன்.

ஏன் போனை எடுப்பதில்லை, ஏன் குரல் ஒரு மாதிரி இருக்கிறது என்று நீ கேட்டுக்கொண்டே இருக்கிறாய். சொல்கிறேன். அம்மாவுக்கு மட்டும் இதைப் படித்துக் காட்டாதே.

ஊருக்கு மேலே, செம்மறிகள் மேயும் புல்வெளி தொடங்கும் இடத்தில் கடைசி வீடு ஈனிட் கார்சைடுடையது. கணவர் கல்குவாரியில் வேலை பார்த்துச் செத்துப்போனவர். பிள்ளை கிடையாது. இடுப்பு எலும்பு உடைந்தபிறகு அவரால் தானாகக் கட்டிலை விட்டு இறங்க முடியாது. காலையில் நாங்கள் போய் நிலக்கரி அடுப்பை மூட்டி, துடைத்துவிட்டு, கஞ்சி கொடுத்து, நாற்காலியில் உட்காரவைக்க வேண்டும். சாயங்காலம் திரும்பக் கட்டிலில் விட வேண்டும். நான் அலுவலக வேலைக்கு மாறுவதற்கு முன்னால் அந்த வீட்டுக்குப் போகிற வேலை என்னுடையதாக இருந்தது. நான் போடுகிற தேநீரைக் குடித்துவிட்டு, "இத வெச்சு வேலிக்குப் பெயிண்ட் அடிக்கலாம்" என்பார். முழுசாகவும் குடித்துவிடுவார்.

இடையில் ஒருமுறை ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு அவர் வீட்டுக்குத் திரும்புகிற நாளில் நானும் கூட இருந்தேன். வீட்டில் பார்க்க ஆள் இல்லையென்றால் முதியோர் இல்லத்துக்கு அனுப்பிவிடுவார்கள். நர்ஸ் வந்து, "சொந்தக்காரங்க யாரும் பக்கத்துல இருக்காங்களா?" என்று கேட்டார்.

ஈனிட் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "இதோ இவ இருக்காளே. எனக்குப் பொண்ணு மாதிரி."

நர்ஸ் 'மகள்' என்று போட்டு என் போன் எண்ணை வாங்கிக்கொண்டார். மாதிரி என்று எழுத அந்தக் கட்டத்தில் இடம் இல்லை. நான் திருத்தியிருக்க வேண்டும். வேலைக்குப் போகிறவர்கள் உறவு என்று பெயர் கொடுக்கக் கூடாது, அது விதி. ஆனால் வண்டியில் ஏற்றியதும் அவர் கண்ணடித்து, "பாத்தியா, பிரசவ வலியே இல்லாம ஒரு பொண்ணு" என்றார். சிரித்துவிட்டேன். "நீங்களும் எனக்கு அம்மா மாதிரிதான்" என்றேன். நம் ஊரில் எத்தனை பேரிடம் இப்படிச் சொல்லியிருப்போம். மாவு மில்காரர் அண்ணன் மாதிரி, ஹாஸ்டல் வார்டன் அம்மா மாதிரி. இங்கே அப்படிச் சொன்னால் நிஜமாகவே நம்பிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியாது.

குளிர் தொடங்கியபோது மடலில் ஒரு செய்தி வந்தது. நாங்கள் பார்த்துக்கொள்ளும் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் கொடுக்க வேண்டும். சிவப்பு என்றால் பனியில் ரோடு மூடினாலும் எப்படியாவது போய்ச் சேர வேண்டியவர். மஞ்சள் என்றால் கொஞ்சம் பொறுக்கலாம். பச்சை என்றால் வீட்டு மனிதர்கள் பார்த்துக்கொள்வார்கள், ரோடு திறக்கும்வரை நாங்கள் போக வேண்டாம், கவுன்சில் போனில் மட்டும் விசாரிக்கும். இதை ஷெரிலிடம் சொன்னேன். நான் போட்டுவைத்த நிறங்களைப் பார்த்து அவள் நெற்றியைத் தேய்த்துக்கொண்டாள்.

"என்ன வாத்து, தக்காளித் தோட்டம் மாதிரி இருக்கு. இத்தன சிவப்புக்கு நம்மகிட்ட ஆள் எங்க? கவுன்சில் பாத்தா வேலைய நம்மகிட்டருந்து புடுங்கிரும். அப்புறம் எனக்கும் வேலை இல்ல, உனக்கும் விசா இல்ல. கொஞ்சம் பச்சையாக்கு."

அவளைக் குறை சொல்ல மாட்டேன். யாரைப் பச்சையாக்கு என்று அவள் சொல்லவில்லை. அதை நான்தான் முடிவு செய்தேன், நியாயமாகத்தான் செய்தேன். மற்றவர்களுக்கு நிஜமாகவே யாரும் இல்லை. ஈனிடுக்கு நான் இருந்தேன். என் அறையிலிருந்து மலைப்பாதை ஏறினால் அவர் வீடு. பனி விழுந்தால் வேலை முடிந்ததும் நானே போய்ப் பார்த்துக்கொள்வேன், மனதுக்குள் அப்படித்தான் ஏற்பாடு. பச்சை போட்டு, காரணத்தில் 'மகள் அருகில் இருக்கிறார்' என்று எழுதினேன். "அவங்களுக்கு மக இருக்கா? தெரியாமப் போச்சே" என்றாள் ஷெரில். "இருக்காங்க" என்றேன்.

ஜனவரியில் பனி கொட்டியது. மேல் ரோட்டை மூடிவிட்டார்கள். ஏற முடிகிற வண்டிகளைச் சிவப்பு வீடுகளுக்கு அனுப்பி, யார் எங்கே மாட்டிக்கொண்டார்கள் என்று பார்த்து, நாள் முழுக்க நான் திரையை விட்டு எழவில்லை. மதியம் என் சொந்த போன் அடித்தது, ஆஸ்பத்திரியில் மகள் என்று கொடுத்த அந்த எண். டங்கன். கவுன்சிலில் மடலை எழுதுகிறவர் அவர்தான். அலுவலகத்தில் அவரிடம் பேசுவது ஷெரில். என் குரல் அவருக்குத் தெரியாது.

"கார்சைட் அம்மாவோட மகள்தானே? அம்மா எப்படி இருக்காங்க?"

"நல்லா இருக்காங்க. சூப் குடிச்சாங்க."

"உங்க பேச்சு இந்தப் பக்கத்துப் பேச்சு இல்லையே?"

"வளத்த பொண்ணு" என்றேன்.

"ரத்தத்துல என்னம்மா இருக்கு" என்றார் அவர். "அடுப்பு எரியுதா?"

எரிகிறது என்றேன். அப்போது அது பொய் என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. கொஞ்ச நேரத்தில் உண்மையாகப் போகிற விஷயத்தை முன்கூட்டிச் சொன்னேன், அவ்வளவுதான். சாயங்காலம் கிளம்பினேன். மலைப்பாதையில், செம்மறிகள் வெளியேறாமல் போட்டிருக்கும் கதவு வரைக்கும் போனேன். அதற்கு மேல் பாதையும் ஓரத்துக் கல்சுவரும் பனியில் ஒன்றாகத் தெரிந்தன. மூச்சு வாங்கியது. அடுத்த நாள் போகலாம் என்று திரும்பினேன். முடியவே முடியாது என்று சொல்ல மாட்டேன். இன்னும் கொஞ்சம் முயன்றிருந்தால் முடிந்திருக்கும்.

மறுநாளும் பனி நிற்கவில்லை. டங்கன் திரும்பக் கூப்பிட்டார்.

"மலை மீட்புக் குழு ஜீப்புல மேல போறாங்க. பால், ரொட்டி, நிலக்கரி எல்லாம் இருக்கு. அம்மா வீட்லயும் எட்டிப் பாக்கச் சொல்லட்டுமா?"

அக்கா, நான் இந்த இடத்தைப் பலமுறை திரும்ப நினைத்துப் பார்த்தேன். சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் ஜீப் போனால் அணைந்த அடுப்பைப் பார்ப்பார்கள், ஈனிட் தனியாகக் கிடப்பதைப் பார்ப்பார்கள். மகள் எங்கே என்று கேட்பார்கள். மகள் என்று எழுதியவள் யார் என்று கேட்பார்கள். நான் மட்டுமில்லை, ஷெரில் கூட்டிவந்த எல்லோரும் எங்கள் நிறுவனத்தின் ஒரே அனுமதியில் வந்தவர்கள், அது போனால் எல்லோர் விசாவும் போய்விடும். என்னோடு வேலை பார்க்கிற லிஜோவின் மனைவி மாசமாக இருக்கிறாள். ஒரு வார்த்தையில் இத்தனை பேரைத் தெருவில் விட முடியுமா?

"வேண்டாம் சார். நான் அவங்க கூடத்தான் இருக்கேன். தேவைப்படுற வேற யாருக்காவது குடுங்க."

"உங்கள மாதிரி ஒரு வீட்டுக்கு ஒருத்தர் இருந்தா எங்களுக்கு வேலையே இருக்காது" என்றார். குரல் கொஞ்சம் கலங்கினாற்போல் இருந்தது. நல்ல மனிதர்.

ரோடு திறந்த காலையில் வேறு யாருக்கும் முன்னால் நான் போனேன். சாவி எங்கே மாட்டியிருக்கும் என்று தெரியும். உள்ளே என் மூச்சு புகையாக வந்தது. ரேடியோ ஓடிக்கொண்டிருந்தது, எந்தெந்தப் பள்ளிக்கூடம் லீவு என்று படித்துக்கொண்டிருந்தார்கள். ஈனிட் கைக்கு எட்டியதையெல்லாம் மேலே இழுத்துப் போர்த்தியிருந்தார். மேசை விரிப்பு, திரைச்சீலையின் ஒரு பாதி, கணவரின் கோட்டு. விடியற்காலைதான் போயிருக்க வேண்டும். போர்வைக்குள் கை விட்டுப் பார்த்தேன், கழுத்துப் பக்கம் இன்னும் வெதுவெதுப்பு இருந்தது.

கொஞ்ச நேரம் அந்தக் கழுத்தில் கை வைத்தபடியே இருந்தேன். பிறகு அடுப்பை மூட்டினேன். அவரைத் துடைத்து, உலர்ந்த உடுப்பு மாற்றி, விரிப்பை மாற்றினேன். திரைச்சீலையைத் திரும்ப மாட்டினேன். ஒரு டப்பா சூப்பைச் சுடவைத்துக் கிண்ணத்தில் ஊற்றி, பாதியைக் கொட்டிவிட்டுக் கட்டில் பக்கத்தில் வைத்தேன். அறை நன்றாகச் சூடான பிறகுதான் டாக்டரைக் கூப்பிட்டேன். மகள் தாங்க முடியாமல் இப்போதுதான் வீட்டுக்குப் போனாள், நான் பணிப்பெண் என்றேன். இதயம் ஏற்கெனவே பலவீனம், வயது வேறு, என்று அவர் எழுதினார். கிளம்பும்போது, "வீடு கதகதப்பா இருந்திருக்கு, வயித்துக்கும் சாப்பிட்டிருக்காங்க. இந்தப் பனியில அது பெரிய கொடுப்பினை" என்றார். டங்கனுக்கு மகளாகப் போன் செய்து, தூக்கத்திலேயே போய்விட்டார், நான் பக்கத்தில் இருந்தேன் என்று சொன்னேன். அப்போது நான் அழுதது நடிப்பு இல்லை, அக்கா.

நேற்று வந்த மடலில் முதல் செய்தியே அதுதான். பனி வாரத்தில் பச்சை வீடுகளில் யாரும் கைவிடப்படவில்லை. மலைமேல் ஒரு வளர்ப்பு மகள், தனக்கு வந்த உதவியைப் பிறருக்குக் கொடுக்கச் சொல்லிவிட்டு, கடைசி மூச்சுவரை தாயின் அருகில் இருந்தாள். பெயர் போடவில்லை. திங்கள்கிழமை டங்கன் எங்கள் அலுவலகத்துக்கு வருகிறார். எல்லா நிறுவனங்களும் கூடுகிற கூட்டத்தில் அந்த மகளைப் பேசவைக்க வேண்டுமாம், எப்படியாவது தேடிக் கொடுங்கள் என்று ஷெரிலிடம் கேட்டிருக்கிறார். நான் வாயைத் திறந்தால், போனில் பேசிய மகள் நான்தான் என்று குரலிலேயே அவருக்குத் தெரிந்துவிடும். அதற்கு முன்னால் நானே சொல்லிவிடலாம் என்று இருக்கிறேன். அதற்கும் முன்னால் உனக்கு.

நீ என்ன கேட்பாய் என்று தெரியும். அந்த அம்மாவிடம் போன் இல்லையா?

இருந்தது. தலைமாட்டிலேயே இருந்தது. எனக்குத்தான் கூப்பிட்டார். முதல் நாள், "யாரும் வரல வாத்து, வாத்துக்குப் பனி ஒத்துக்குமா?" என்று சிரித்தார். மறுநாள், டங்கன் பேசி வைத்த கொஞ்ச நேரத்தில் திரும்பவும் கூப்பிட்டார். பல் கிட்டிப் பேச்சு சரியாக வரவில்லை. தனக்குக் குளிர்கிறது என்று அவர் சொல்லவே இல்லை. "நீ வழியில எங்கயாவது விழுந்து கெடக்கியோன்னு பயமா இருக்கு. போலீசுக்குப் போன் பண்ணி உன்னத் தேடச் சொல்லவா?" என்றார்.

"வேண்டாம்மா" என்றேன். "நான் பத்திரமா இருக்கேன். பாதி தூரம் வந்துட்டேன். போலீஸ், கவுன்சில், யாருக்கும் போன் பண்ணாதீங்க. நான் வர்ற வரைக்கும் சும்மா படுத்திருங்க."

நான் அலுவலகத்தில்தான் உட்கார்ந்திருந்தேன்.

"சரி, மெதுவா வா. அவசரமில்ல" என்றார். அதற்குப் பிறகு அவர் யாரையும் கூப்பிடவில்லை. நான் சொன்னதைக் கேட்டார். என்மேல் கோபம் இல்லாமல்தான் போயிருக்கிறார், அக்கா. அது ஒன்றுதான் எனக்கு ஆறுதல்.